தூக்க மாத்திரையைக் குறைத்தபின் வரும் தொல்லை: பழைய நோய் திரும்புகிறதா, மருந்து விலகுகிறதா?

கேள்வி | 3 ஜூன் 2025, மாலை | நெல்லை வாசகி

என் அப்பாவுக்கு வயது 68. அம்மா இறந்த ஆண்டில் உறக்கமின்மைக்காகத் தொடங்கிய அல்பிரசோலம் 0.5 மி.கி. மாத்திரையை ஒன்பது ஆண்டுகளாக இரவில் எடுத்துவருகிறார். ஒரு நாளும் அளவைத் தாண்டி எடுத்ததில்லை. எழுதிக்கொடுத்த மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிய சீட்டு இல்லாமல் தர முடியாது என்று மருந்துக்கடையில் சொல்லிவிட்டார்கள். கையிலிருக்கும் அட்டை தீர்ந்துவிடுமே என்று சென்ற வாரத்திலிருந்து பாதி மாத்திரையாகக் குறைத்தோம். மூன்றாம் நாளிலிருந்து கைநடுக்கம், வியர்வை, படபடப்பு. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்கிறார். தரை அசைகிறது என்கிறார். பழைய நரம்புத் தளர்ச்சி திரும்பிவிட்டது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அப்படித்தானா? மீதிப் பாதியையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டால் இந்தத் துன்பம் சீக்கிரம் முடியுமா?

குறிப்பு | 3 ஜூன், இரவு

நிறுத்த வேண்டாம், அம்மா. மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். இதை மட்டும் இன்றிரவே மனத்தில் கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் எடுத்த இவ்வகை மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், சித்தம் தடுமாறக்கூடும், அரிதாக உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். நாளைக் காலையில் அவரை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தனியார் மனநல மருத்துவர் கிடைக்கவில்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வெளிநோயாளிகளைப் பார்ப்பார்கள். மாத்திரை அட்டையையும் பழைய சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இடையில் வலிப்பு வந்தாலோ, இருக்கும் இடமும் நேரமும் தெரியாமல் பேசினாலோ, இல்லாததைக் கண்டதாகச் சொன்னாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இரவு நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் எண் 14416. அங்கே தமிழிலும் பேசலாம்.

நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது இது பழைய நோய் அன்று, மருந்து குறைந்ததன் விளைவு என்பதுதான். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதை நாளை விரிவாக எழுதுகிறேன்.

குறிப்பு | 4 ஜூன்

மருந்தைக் குறைத்தபின் வருகிற தொல்லையை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவத்திலும் வாசிப்பிலும் உறுதிப்பட்ட கருத்து. முதலாவது, எந்தக் குறைக்காக மாத்திரை தொடங்கப்பட்டதோ அந்தக் குறையே முன்னைவிடக் கூடுதலான வேகத்தோடு சில நாள்களுக்குத் தலைகாட்டுவது. உறக்கமின்மைக்காகத் தொடங்கியவருக்கு முன்பு இருந்ததைவிட மோசமான உறக்கமின்மை வருவது இதில் சேரும். இரண்டாவது, முன்பு அந்த மனிதருக்கு ஒருபோதும் இல்லாத புதிய உபாதைகள் தோன்றுவது. மூன்றாவதுதான் பழைய நோய் உண்மையிலேயே திரும்புவது. அது பெரும்பாலும் மெல்லத் தொடங்கி, பழைய முகத்தோடு வந்து, நாள் செல்லச் செல்ல நிலைபெறும்.

உங்கள் தந்தையாருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இருந்தது துக்கமும் உறக்கமின்மையும். அப்போது ஒலி தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டாரா? தரை அசைந்ததா? அப்படி எதுவும் இல்லையென்றால், துக்கத்தால் வந்த உறக்கமின்மை திரும்பும்போது அது எதற்காகப் புதிதாகத் தரையை அசைக்க வேண்டும்? ஒலியும் ஒளியும் தாங்க முடியாமல் போவது, தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, தசைத் துடிப்பு, நாவில் உலோகச் சுவை, நிற்கும் தரை ஆடுவதாகத் தோன்றுவது, சுற்றியிருப்பவை நிஜமல்ல என்ற மயக்கம் ஆகியவை அல்பிரசோலம் சேர்ந்த பென்சோடயசிபின் வகை மருந்துகள் விலகும்போது திரும்பத் திரும்பப் பதிவாகியிருப்பவை. மனப்பதற்றம் மட்டும் உள்ளவரிடம் இவை இப்படிக் கூட்டமாக வருவது அபூர்வம்.

காலக்கணக்கும் ஒத்துப்போகிறது. அல்பிரசோலம் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகிறது, முதியவர்களுக்கு 16 மணி நேரம் வரை நீள்கிறது. ஆகவே அளவைக் குறைத்த இரண்டு மூன்று நாள்களில் தொல்லை தொடங்குவது எதிர்பார்க்க வேண்டியதே. அதே வகையைச் சேர்ந்த குளோனாசிபாமுக்கு அது 30 முதல் 40 மணி நேரம். அதைக் குறைத்தவர் முதல் சில நாள்கள் எதுவும் ஆகவில்லை என்று மகிழ்ந்திருந்து, வாரக் கடைசியில்தான் அகப்பட்டுக்கொள்வார். டயாசிபாமும் அதன் உடைபொருளும் இன்னும் பல நாள்கள் உடலில் தங்கும்.

குறிப்பு | 5 ஜூன்

கேட்க விட்டுப்போனது ஒன்று. அட்டையில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.ஆர். என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது மெல்லக் கரைவதற்கென்று செய்யப்பட்ட மாத்திரை. அதை இரண்டாக வெட்டினால் இரவு முழுவதும் கசிந்து வர வேண்டிய மருந்து சீக்கிரமே வெளிப்பட்டு, விடியலில் ஒன்றுமில்லாமல் போகும். அளவு பாதியானதோடு இந்தக் கேடும் சேர்ந்துகொள்ளும்.

குறிப்பு | 8 ஜூன்

மருத்துவரைப் பார்த்துவிட்டதாகவும் முழு அளவுக்கே திரும்பச் சொன்னதாகவும் நெல்லை வாசகி எழுதியிருக்கிறார். நடுக்கம் இரண்டு நாளில் அடங்கிவிட்டதாம். மருந்து விலகியதால்தான் தொல்லை வந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. பின்வாங்கிவிட்டோமே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை; ஒழுங்காகக் குறைப்பதற்கு முன் உடல் ஒரு நிலையில் நிற்க வேண்டும்.

நான் இதைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வங்கிப் பணியில் வெளியூர் மாற்றலில் இருந்தபோது நெஞ்சுப் படபடப்புக்காக ஒரு மாதத்துக்கென்று எழுதப்பட்ட குளோனாசிபாம், ஒவ்வொரு முறையும் பழைய சீட்டைப் பார்த்துப் புதிய சீட்டு எழுதப்பட்டதால் பணி ஓய்வு வரைக்கும் என்னோடு வந்தது. பிறகு முழங்கால் வலிக்காகச் சென்ற இடத்தில் வேறொரு மருத்துவர், பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டு, இந்த வயதில் இது எதற்கு என்று ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார். கருத்து சரியானதுதான், எப்படி நிறுத்த வேண்டும் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

முதல் சில நாள்கள் நன்றாகவே இருந்தேன். அந்த வாரம் முடிவதற்குள் உடம்பு எனக்குச் சொந்தமில்லாதது போலாகிவிட்டது. இரண்டு வீடு தள்ளிக் குக்கர் விசில் வந்தால் பின்னங்கழுத்தில் அடி விழுந்ததுபோல் துள்ளுவேன். கட்டியிருந்த வேட்டி கணுக்காலில் உரசும் இடம் மணலைத் தேய்ப்பது போல் எரிந்தது. குளியலறைக்குப் போகும் வழியில் மொசைக் தரை காலடியில் அமுங்கி எழுவதாகத் தோன்றியதால் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். காபியை டபராவில் ஆற்றும்போது பாதி கீழே சிந்தும். மீதியைக் குடித்தால் நாவில் பித்தளையை நக்கியதுபோல் ஒரு சுவை. இவற்றையெல்லாம் தாங்கிவிடலாம். தாங்க முடியாதது எதுவென்றால், எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகிறது என்ற அச்சமும், அதை வெளியே சொன்னால் அது உறுதியாகிவிடும் என்ற இன்னொரு அச்சமும்.

அந்த நிலையில் மீண்டும் மருத்துவமனைக்குச் சென்றபோது, பாருங்கள், உங்களுக்கு எவ்வளவு பதற்றம் இருக்கிறது, இந்த மாத்திரை வாழ்நாள் முழுவதும் வேண்டியதுதான் என்று சொல்லி முன்னைவிடக் கூடிய அளவில் எழுதிக்கொடுத்தார்கள். விலகலின் துன்பமே நோய்க்குச் சான்றாக எழுதப்பட்டுவிட்டது. இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

குறிப்பு | 9 ஜூன்

நேற்று எழுதியதில் என் மனைவியின் பங்கை விட்டுவிட்டேன். ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, மாத்திரை அளவு, உறக்கம், நடுக்கம், ஒலி, மனம் என்று பத்தி பிரித்து அவள் நாள்தோறும் எழுதிவைத்தாள். என்னிடம் கேட்டு எழுதியது பாதி, பார்த்து எழுதியது பாதி. நான் ஒவ்வொரு நாளும் நேற்றைவிட மோசம் என்றே சொல்லிவந்திருக்கிறேன். அவளுடைய பத்தியிலோ அளவைக் குறைத்தபின் ஏறி, சில நாளில் உச்சம் தொட்டு, பிறகு இறங்குவது தெளிவாகத் தெரிந்தது. பின்னாளில் வேறொரு மனநல மருத்துவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான், இது நோயின் வடிவம் அன்று என்று சொன்னார். நெல்லை வாசகி இன்றே ஒரு நோட்டு தொடங்கட்டும்.

குறிப்பு | 15 ஜூன்

படித்த மருத்துவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது. தெரிந்தே இருக்கிறது, மிக நெடுங்காலமாகவே தெரிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்த வகையின் முதல் மருந்தான குளோர்டயசிபாக்சைடு 1960-இல் லிப்ரியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1963-இல் டயாசிபாம் வேலியம் என்ற பெயரில் வந்தது. அதற்குள்ளாகவே, 1961-இல், அமெரிக்காவில் லியோ ஹாலிஸ்டரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் மிக உயர்ந்த அளவில் குளோர்டயசிபாக்சைடு மாதக்கணக்கில் எடுத்த பதினொரு நோயாளிகளுக்கு அதைத் திடீரென நிறுத்தி, வெற்று மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்துப் பேருக்குப் புதிய உபாதைகள் வந்தன. இருவருக்கு வலிப்பு வந்தது. ஆனால் அது நாளுக்கு 300 முதல் 600 மி.கி. வரையிலான அளவு என்பதால், வழக்கமான அளவில் எடுப்பவருக்கு இப்படி நேராது என்ற நம்பிக்கை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு நீடித்தது.

அந்த நம்பிக்கையை அசைத்தது 1981-இல் லண்டனில் பெட்டூர்சனும் மால்கம் லேடரும் வெளியிட்ட ஆய்வு. மருத்துவர் சொன்ன வழக்கமான அளவில் நெடுங்காலம் எடுத்து, விட விரும்பிய பதினாறு பேரை அவர்கள் கவனித்தார்கள். அனைவருக்கும் ஏதோ ஒரு வகையில் விலகல் தொல்லை வந்தது. அதைவிட முக்கியமானது, மருந்து குறையக் குறைய ஏறிய பதற்றம், பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது என்பது. நோய் திரும்பியிருந்தால் அது ஏறிய இடத்திலேயே நின்றிருக்கும். என் மனைவியின் நோட்டில் இருந்ததும் இதே ஏற்ற இறக்கம்தான்.

1988-இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, கடுமையான பதற்றத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் மட்டுமே இம்மருந்துகளைத் தர வேண்டும் என்று அறிவுறுத்தியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020 செப்டம்பரில்தான், உடல் பழக்கப்பட்டுப்போவதையும் விலகல் தொல்லையையும் கட்டமிட்ட எச்சரிக்கையாக மருந்தின் விவரத்தாளில் அச்சிட வேண்டும் என்று உத்தரவிட்டது. அறிவு இருந்தும் நடைமுறைக்கு வர எத்தனை தலைமுறை ஆகிறது!

நம்மூரில் ஒரு வெளிநோயாளிப் பிரிவில் ஒரு காலைக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு மருத்துவர்மேல் மட்டும் பழிபோட மனம் வராது. சீட்டைப் புதுப்பிக்க ஒரு நிமிடம் போதும். குறைப்பதற்குத் திட்டம் போட்டு, மாதந்தோறும் வரச்சொல்லி, பயந்த மனிதரைத் தேற்றி அனுப்புவதற்கு அரைமணி நேரமாவது வேண்டும்.

குறிப்பு | 17 ஜூன்

உடலுக்குள் நடப்பதை எளிதாகச் சொல்லுமாறு கேட்டிருக்கிறார்கள். மூளையில் பரபரப்பைத் தணிக்கும் வேலையைக் காபா என்னும் வேதிப்பொருள் செய்கிறது. இம்மாத்திரைகள் காபாவின் வேலைக்கு வலுவூட்டுகின்றன. தணிப்பு நாள்தோறும் வெளியிலிருந்து வருவதால், மூளை தன் பங்குக்குத் தணிக்கும் திறனைக் குறைத்துக்கொண்டு, கிளர்ச்சியூட்டும் பக்கத்தைக் கூட்டிச் சமன் செய்துகொள்கிறது. வெளியிலிருந்து ஒருவர் தள்ளும் கதவை உள்ளேயிருந்து முழுப்பலத்தோடு தாங்கிக்கொண்டிருப்பவரை எண்ணிப்பாருங்கள். வெளியே தள்ளியவர் சட்டென்று கையை எடுத்துவிட்டால் உள்ளிருப்பவர் தன் பலத்தாலேயே முன்னே விழுவார். மெல்ல எடுத்தால் அவரும் மெல்லத் தளர்ந்து நிமிர்ந்துவிடுவார்.

இதனால்தான் இது மனவுறுதி சார்ந்த விஷயமன்று என்று சொல்கிறேன். சொன்னபடி மாத்திரை எடுத்த எவருடைய மூளையும் இவ்வாறே பழகிக்கொள்ளும். உங்கள் தந்தையாரைப் போதைக்கு அடிமையானவர் என்று யாரேனும் பேசினால் அதை அங்கேயே மறுத்துவிடுங்கள். அவர் ஒரு நாளும் அளவைத் தாண்டி எடுத்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

குறிப்பு | 22 ஜூன்

இப்போது வேகத்துக்கு வருவோம். இந்த ஆண்டு அமெரிக்காவில் பல மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு என்று குறைக்கத் தொடங்கலாம் என்றும், இரண்டு வாரத்தில் 25 விழுக்காட்டுக்குமேல் பொதுவாகக் குறைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் வீட்டில் ஒரே இரவில் நடந்தது 50 விழுக்காடு.

கணக்கு எளிது, செய்வதுதான் கடினம். 0.5 மி.கி. அல்பிரசோலத்தில் பத்து விழுக்காடு 0.05 மி.கி. கடையில் பொதுவாகக் கிடைக்கும் சிறிய மாத்திரையே 0.25 மி.கி. அதை நான்காக வெட்டினாலும் ஒரு துண்டு 0.06 மி.கி.க்குச் சற்று மேலேயே இருக்கும். அதுவும் துண்டுகள் சமமாக விழுந்தால். நான் செய்தித்தாளை விரித்துப் புது பிளேடால் வெட்டிப் பார்த்திருக்கிறேன்: ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வரும், ஓரத்தில் ஒரு சிட்டிகைத் தூள் உதிர்ந்துகிடக்கும், அந்தத் தூளில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நாவில் கரையும் வகையாக இருந்தால் பிளேடு பட்டவுடனேயே பொடிந்துபோகும். மாத்திரை வெட்டுவதற்கென்று மருந்துக்கடைகளில் விற்கும் சிறு டப்பா எவ்வளவோ மேல்.

இந்தச் சிக்கலுக்கு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை, இம்மருந்துகளை விடுவதற்கென்றே மருத்துவப் பிரிவு நடத்திய பேராசிரியர் ஹீதர் ஆஷ்டன் ஒரு வழி காட்டினார். விரைவில் வெளியேறும் மருந்தைப் படிப்படியாக டயாசிபாமுக்கு மாற்றிவிட்டு, அதிலிருந்து குறைத்துக்கொண்டு வருவது. அவருடைய கணக்கில் 0.5 மி.கி. அல்பிரசோலம் 10 மி.கி. டயாசிபாமுக்குச் சமம், ஆகவே ஒரு படி என்பது ஒரு மி.கி. ஆகிவிடுகிறது, இரண்டு மி.கி. மாத்திரையைப் பாதியாக்கினால் போதும். இரவும் பகலும் இரத்தத்தில் மருந்து ஏறி இறங்கும் அலைச்சலும் குறைகிறது.

குறிப்பு | 24 ஜூன்

முந்தைய குறிப்பை எழுதியபின் ஒரு தயக்கம் வந்தது. டயாசிபாமுக்கு மாற்றுவது எல்லோருக்கும் பொருந்தும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் நீண்ட ஆயுளே முதியவர்களுக்கு இடைஞ்சல்: நாளுக்கு நாள் உடலில் சேர்ந்து, பகலில் தள்ளாட்டத்தையும் மந்தத்தையும் தரும், 68 வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மாத்திரையை விட்டு என்ன பயன்? கல்லீரல் பழுதுள்ளவருக்கும் அது ஏற்றதன்று. மேலும், சமமான அளவைக் காட்டும் அட்டவணைகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. ஆஷ்டன் 10 மி.கி. என்று சொல்வதை வேறு சிலர் அதில் பாதியாகக் கணக்கிடுகிறார்கள். எனவே மாற்றுவதா, எந்த மருந்துக்கு, எத்தனை நாளில் என்பதையெல்லாம் அவரை நேரில் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நான் எழுதியதை அவர்முன் கேள்வியாக வையுங்கள், தீர்வாக வைக்காதீர்கள்.

குறிப்பு | 2 ஜூலை

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர், தான் தூக்க மாத்திரையே எடுத்ததில்லை என்றும், பல ஆண்டுகளாக எடுத்த வயிற்று மாத்திரையை நிறுத்திய வாரத்தில் இதே தொல்லைகள் வந்தன என்றும் எழுதியிருக்கிறார். அட்டையில் உள்ள பெயரை எழுதச் சொன்னேன். குளோர்டயசிபாக்சைடும் கிளிடினியமும் சேர்ந்த கூட்டு மருந்து அது! வயிற்றுப் பிடிப்புக்கென்று தரப்படுவது. உள்ளே இருப்பது லிப்ரியம்.

இது நம் நாட்டில் மிகக் கவனிக்க வேண்டிய செய்தி. படபடப்புக்கென்று தரும் மாத்திரையில், இதயத்துடிப்பைத் தணிக்கும் புரோபிரனலோலோடு அல்பிரசோலமோ குளோனாசிபாமோ, அவற்றைப் போலவே வேலை செய்யும் எட்டிசோலமோ கலந்திருக்கலாம். மனச்சோர்வுக்கென்று தரும் எஸ்சிட்டலோபிராமோடு குளோனாசிபாம் சேர்ந்து ஒரே மாத்திரையாக வருகிறது. அமிட்ரிப்டிலின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தோடு குளோர்டயசிபாக்சைடும் வருகிறது. இவற்றில் ஒன்றை நிறுத்துகிறவர் இரண்டு மருந்துகளை ஒருசேர நிறுத்துகிறார். புரோபிரனலோல் திடீரென நின்றால் அதன் பங்குக்கு இதயத்துடிப்பு எகிறும். எஸ்சிட்டலோபிராம் நின்றால் தலைச்சுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும் வரக்கூடும். எது எதனால் வந்தது என்று பிரித்தறிவதே முடியாத காரியமாகிவிடும். இவ்வாறான நிலையில் மருத்துவர்கள் முதலில் கூட்டு மாத்திரையை இரண்டு தனி மாத்திரைகளாகப் பிரித்து எழுதி, ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் குறைப்பார்கள்.

வீட்டிலிருக்கும் எல்லா அட்டைகளின் பின்புறத்தையும் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுங்கள். முன்னால் பெரிதாக இருப்பது கடைப்பெயர். மருந்தின் பெயர் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

குறிப்பு | 3 ஜூலை

உறக்கம் வராத இரவுகளில் கொஞ்சம் பிராந்தி குடித்தால் என்ன என்று கேட்டவருக்கு: வேண்டவே வேண்டாம். சாராயமும் காபாவின் வழியாகவே வேலை செய்கிறது. மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சை அடக்கும். மாத்திரைக்குப் பதிலாக என்றால், ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடித்த கதைதான். சளி மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடும் வழக்கமும் முதியவர்களுக்கு ஆகாது. குழப்பமும் சிறுநீர்க் கட்டும் வரும்.

குறிப்பு | 19 ஜூலை

மாத்திரை குறைகிறது, உறக்கத்துக்கு என்ன வழி என்ற கேள்வி இத்தனை நாள் காத்திருந்தது.

மாத்திரையைக் குறைப்பதோடு உறக்கப் பழக்கத்தையும் சீர்செய்தால் பலன் கூடுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் நெடுங்காலம் தூக்க மாத்திரை எடுத்த முதியவர்களில், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 85 விழுக்காட்டினர் சிகிச்சை முடிவில் மருந்தை விட்டிருந்தார்கள். வெறுமனே குறைத்தவர்களில் 48 விழுக்காட்டினர்.

அந்தப் பயிற்சியின் உயிர்நாடி, எப்போது படுத்தாலும் எழுந்திருக்கும் நேரத்தை மாற்றாமல் இருப்பது. உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டுமே படுக்கைக்குப் போக வேண்டும். வரவில்லையென்றால் எழுந்து வேறு அறையில் உட்கார வேண்டும். பகலில் ஈடுசெய்யக் கூடாது. எனக்கு மதிய உறக்கத்தை விடுவதுதான் மாத்திரையை விடுவதைவிடச் சிரமமாக இருந்தது. சாப்பிட்டதும் கண் செருகும். அந்த நேரத்தில் கடைவீதிக்குப் போகும் வேலையை வைத்துக்கொண்டேன். அதிகாலை நாலரைக்கு எழுந்து, முந்தின இரவு எவ்வளவு மோசமாக இருந்தாலும், பால் வாங்கப் போவதைத் தவறவிட்டதில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உறக்கம் எல்லோருக்கும் ஒரே சீராகத் திரும்புவதில்லை. நன்றாக உறங்கிய ஒரு வாரத்தை அடுத்துக் காரணமே இல்லாமல் ஒரு கெட்ட வாரம் வரும். சிலருக்கு இந்த அலைகள் மாதக்கணக்கில் நீளும். ஆனால் ஒவ்வொரு அலைக்கும் இடையிலுள்ள நல்ல நாள்கள் கூடிக்கொண்டே போகும். மறுபுறம், சிறிய அளவில் எடுத்துவந்த எத்தனையோ பேர் பெரிய தொல்லை ஏதுமின்றி விட்டுவிடுகிறார்கள். என் கதையைப் படித்துவிட்டு எல்லோருக்கும் தரை அமுங்கும் என்று யாரும் அஞ்ச வேண்டாம். அச்சமே உறக்கத்தைக் கெடுக்கும்.

குறிப்பு | 10 ஆகஸ்ட்

சீட்டு இல்லாமல் தர மறுத்த மருந்துக்கடைக்காரரை இங்கே சிலர் திட்டியிருக்கிறார்கள். நான் அவர் பக்கம். 2014 மார்ச் முதல் இந்தியாவில் அல்பிரசோலம், குளோர்டயசிபாக்சைடு, டயாசிபாம் முதலியவை ஹெச்1 என்னும் கட்டுப்பாட்டு அட்டவணையில் இருக்கின்றன. விற்கும்போது மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். விதி நல்ல விதி. ஆனால் ஒன்பது ஆண்டு எடுத்தவரைக் கதவருகே நிறுத்தித் திருப்பி அனுப்பும்போது, திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த வாரம் வேறு மாதிரி கழிந்திருக்கும்.

மருந்தாளுநரின் ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு வலிமை உண்டா என்று சந்தேகிப்பவர்களுக்கு, கியூபெக்கில் 2014-இல் வெளியான இன்னோர் ஆய்வு. முப்பது மருந்துக்கடைகளின் வாடிக்கையாளர்களான 303 முதியவர்களில் ஒரு பாதியினருக்கு இம்மருந்தின் தீங்குகளையும் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையையும் விளக்கும் சிறு கையேடு அனுப்பப்பட்டது. ஆறு மாதத்தில் அவர்களில் 27 விழுக்காட்டினர் மருந்தை விட்டிருந்தார்கள். கையேடு பெறாதவர்களில் 5 விழுக்காட்டினர் மட்டுமே. எளிய தமிழில் அப்படியொரு தாள் நம் ஊர் மருந்துக்கடை மேசைகளில் இருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

குறிப்பு | 14 செப்டம்பர்

நெல்லை வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவின் மருத்துவர் டயாசிபாமுக்கு மாற்றாமல், அல்பிரசோலத்திலேயே சிறு துண்டுகளாக, மாதம் ஒரு படியாகக் குறைத்துவருகிறாராம். நோட்டு எழுதுவது பேரனின் பொறுப்பு. கைநடுக்கம் ஒவ்வொரு படியிலும் நாலைந்து நாள் தலைகாட்டிவிட்டுப் போகிறது, தரை அசையவில்லை. இப்போது இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

இதுவரை வந்த வேகத்திலேயே கடைசி வரை போகலாமா என்பது முதலாவது. கடைசிப் படிகளில் வேகம் இன்னும் குறைய வேண்டும் என்றே நினைக்கிறேன். சிறிய அளவிலேயே மருந்து மூளையின் ஏற்பிகளில், அதாவது மருந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களில், கணிசமான பகுதியைப் பிடித்துவிடுவதால், மேலே குறைத்த கால் மாத்திரையும் அடியில் குறைக்கும் கால் மாத்திரையும் ஒன்றல்ல. முன்பு இருந்த அளவில் பத்து விழுக்காடு என்று எடுக்காமல், இப்போது இருக்கும் அளவில் பத்து விழுக்காடு என்று எடுக்க வேண்டும்; படி சிறுத்துக்கொண்டே போகும். ஒரு படியில் தொல்லை கூடினால் அங்கேயே நின்றுவிடலாம். இதற்குக் கெடு எதுவுமில்லை, தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்று உறவினர்கள் சொல்வதைப் பொருட்படுத்தாதீர்கள்.

அடுத்த மாதம் கண்புரை அறுவைச் சிகிச்சை இருக்கிறது, அங்கே இதைச் சொல்ல வேண்டுமா என்பது இரண்டாவது. கட்டாயம் சொல்ல வேண்டும், அம்மா. எந்த மருந்து, இப்போது எவ்வளவு, எத்தனை ஆண்டு, கடைசியாக எப்போது குறைத்தது என்பதை ஒரு தாளில் எழுதி, கண் மருத்துவரிடமும் மயக்க மருந்து தருபவரிடமும் கொடுங்கள். அந்த மாதத்தில் புதிய படி எதுவும் வேண்டாமா என்று மனநல மருத்துவரைக் கேளுங்கள். அறுவை நாளில் வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லும்போது முந்தின இரவு மாத்திரையை எடுக்கலாமா கூடாதா என்பதையும் அவர்களிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; வீட்டில் யாரும் தாமாக முடிவு செய்து ஒரு வேளையைத் தவறவிட வேண்டாம்.